பஞ்சு இருமல்

வெள்ளிக்கிழமை காலையில் முனீஸ்வரி தன் மாமனார் கருத்தப்பாண்டியின் தட்டு, டம்ளர், செம்பு மூன்றையும் அடுக்களையிலிருந்து அள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்தாள் என்பது ஒரு மரியாதைக்கு. வீசினாள் என்பதுதான் சரி. தட்டு உருண்டுபோய்க் கோழிக்கூட்டில் முட்டி விழுந்தது.

"இனிமே உங்க சாமான் இங்கதான் கெடக்கும் மாமா. நீங்களே கழுவி நீங்களே வச்சுக்கிடுங்க. எம்புள்ள புழங்குத பாத்திரத்தோட உங்க எச்சிப் பாத்திரம் சேரக்கூடாது."

பல் துலக்கிக்கொண்டிருந்த கருத்தப்பாண்டி வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"ஏட்டி, எவன் வீட்ல வந்து எவனுக்குத் தட்டு ஒதுக்குத? இது நான் கட்டுன வீடு. பஞ்சத் தின்னு கட்டுன வீடு."

"பஞ்சத் தின்னீங்களோ பருத்திக்கொட்டையத் தின்னீங்களோ, ராப்பகலா இருமுதீங்கள்ல? என்ன எழவு சீக்கோ, புள்ளைக்கு ஒட்டிக்கிருச்சு. ஒரு மாசமாக் காயுதான், பாக்கீங்கள்ல?"

"இது பஞ்சு இருமல்டி. மில்லுக்காரனுக்குத்தான் வரும். களையெடுக்கப் போன குடும்பத்துல பொறந்தவளுக்கு இது எங்க தெரியப் போவுது."

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். இந்த வீட்டு மாமியார் இருளம்மாள், மருமகள் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் சொல்லியிருக்க வேண்டிய குற்றம் குறைகளையும் கருத்தப்பாண்டியே இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். குழம்பில் புளி தூக்கல், கோலம் கோணல், வேலைக்குப் போகிற திமிர். ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில், பஞ்சுப் பொதியைப் பிரித்து எந்திரத்தில் போடுகிற இடத்தில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். மில்லை விட்டு வந்த பிறகும் மில் பெருமை அவரை விடவில்லை, இருமலும் விடவில்லை. முனீஸ்வரி பேண்டேஜ் யூனிட்டுக்குப் போவதை அவர் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. "நாங்க நூத்த நூல்ல நீங்க புண்ணுக்குத் துணி சுத்துதீக. இதுக்குப் பேரு வேலையாக்கும்" என்பார்.

அவள் மட்டும் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாள்? ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தாள். அவள் புருஷன் முத்துப்பாண்டி லோடு வேன் ஓட்டுகிறவன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று தெரிந்ததால், சண்டை தொடங்கும்போதே வேன் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவான்.

எல்லாவற்றையும் அவள் பொறுத்திருப்பாள், ஒன்றைத் தவிர. கிழவர் முறுக்கை வாயில் போட்டு மென்று, அதை எடுத்துப் பேரன் மிதுன் வாயில் ஊட்டுவார். மிதுனுக்கு இரண்டு வயது. அம்மாவை விடத் தாத்தாவிடம்தான் ஒட்டுதல் அதிகம். அந்தப் பிள்ளைதான் இப்போது சாயங்காலமானால் உடம்பு சுட, சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்ப, எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தான். காய்ச்சல் மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தால் அன்றைக்குத் தேவலை, மறுநாள் பழைய கதை. பல் முளைக்கிற காய்ச்சல் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. முனீஸ்வரி நம்பவில்லை. கிழவரின் எச்சில்தான் பிள்ளையைத் தின்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அவளும்தான் இருமினாள். அதற்கென்ன? பேண்டேஜ் யூனிட்டில் இருமாதவள் யார்? சல்லாத்துணியை வெட்டி மடிக்கிற அந்த நீள அறையில் ஃபேன் போடக்கூடாது, போட்டால் பிசிறு பறந்துவிடும். சன்னலைத் திறக்கக்கூடாது, திறந்தால் ரோட்டுத் தூசி துணியில் படிந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி சுத்தமாகப் போக வேண்டும். உள்ளே உட்கார்ந்திருக்கிற பெண்கள் மட்டும் ஒருத்தி விட்ட மூச்சை இன்னொருத்தி இழுத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை வேர்த்து வடிய வேண்டும். டீயோடு ஆளுக்கொரு வெல்லத் துண்டு வரும். வெல்லம் தின்றால் அது நெஞ்சில் அடைத்த பஞ்சை வயிற்றுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது அந்த யூனிட்டின் வைத்தியம், கருத்தப்பாண்டியின் மில்லிலும் இதுவே வைத்தியம். முனீஸ்வரிக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த அமிர்தவல்லி போன வருஷம் முழுக்க இருமினாள். எல்லோரும் தங்கள் வெல்லத்தில் அவளுக்குப் பாதி கிள்ளிக் கொடுத்தார்கள். பிறகு அவள் முடியாமல் வேலையை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

முனீஸ்வரியின் ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்துப் போயிருந்தது. ராத்திரியில் வேர்வையில் பாய் நனைந்தது. கிழவர் கொடுக்கிற ஆத்திரத்தில் உடம்பு உருகுகிறது என்று அவள் அதற்கும் அவரையே காரணமாக்கினாள். தன் இருமல் பஞ்சு, அவர் இருமல் சீக்கு. பிடிக்காதவனுக்கு மனசு இப்படித்தான் பங்கு பிரிக்கும்.

தட்டை ஒதுக்கியதோடு அவள் நிற்கவில்லை. சோப்பை ஒதுக்கினாள், துண்டை ஒதுக்கினாள், பிள்ளையைத் தூக்கக்கூடாது என்றாள். படுக்கும்போது கிழவரின் இருமல் காற்று உள்ளே வரக்கூடாது என்று சன்னலை அடைத்து, கதவுக்கு அடியில் பழைய சேலையைத் திணித்து, மிதுனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்தாள். வெளிநடையில் படுத்துக்கொண்டு தாத்தா இருமினார். உள்ளே அம்மா இருமினாள். லோடு ஏற்றிப் போன முத்துப்பாண்டி பெரும்பாலான நாள் வேனிலேயே தூங்கினான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிதுன் வாந்தி எடுத்தான். கண்ணைத் திறக்காமல் துவண்டு கிடந்தான். தூக்கியபோது கழுத்து வளையவில்லை. வேனில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பறந்தார்கள். வழியில் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வேண்டாம் என்று அவள் கத்தியும் கருத்தப்பாண்டி வேனின் பின்னால் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். சோதனை எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா அவர்களை வார்டு வாசலுக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளைக்கு டிபி. நெஞ்சுல ஆரம்பிச்சு, ரத்தத்துல கலந்து, மூளையைச் சுத்தியிருக்கிற சவ்வுக்குப் போயிருச்சு. பெரியவங்க உடம்பு அந்தக் கிருமியை ஒரு மூலையில கட்டிப்போட்டு வச்சிருக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு அந்தத் தெம்பு இருக்காது."

"தடுப்பூசி போட்ருக்கோமே டாக்டர்" என்றான் முத்துப்பாண்டி.

"போட்டும் சில பிள்ளைங்களுக்கு வந்துருது. மருந்து ஆரம்பிச்சாச்சு. பிழைக்க வச்சிரலாம்னு பாக்குறோம். ஆனா மூளையில என்ன சேதம் ஆயிருக்குன்னு இப்பச் சொல்ல முடியாது. இது பிள்ளைக்குத் தானா வராது. பெரியவங்க யாராவது இருமித்தான் வந்திருக்கும். வீட்டுல யார் இருமுறது?"

முனீஸ்வரி கையை நீட்டினாள். வார்டே திரும்பிப் பார்க்க நீட்டினாள்.

"அந்தா நிக்காரு பாருங்க. அவருதான். தலபாடா அடிச்சுக்கிட்டேன். மென்ன முறுக்க ஊட்டாதீங்கன்னு காலப் பிடிக்காத கொறையாச் சொன்னேன். எம்புள்ளயக் கொன்னுட்டாரு!"

கருத்தப்பாண்டி வாயைத் திறந்தார். வந்தது இருமல்தான். பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள்.

"நானா, ஆத்தா?" என்று டாக்டரம்மாவைப் பார்த்தார். "இது பஞ்சு தாயி. வாரலீவு முடிஞ்சு மில்லுக்குப் போற அன்னைக்கெல்லாம் நெஞ்ச இறுக்கிப் பிடிக்கும். அப்பருந்து வாறது. இதா எம்பேரனுக்குப் போயிருக்கு?"

"டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும் பெரியவரே."

அவர் நம்பிவிட்டார். அதுதான் கொடுமை. ஊரையே எதிர்த்து நிற்கிற மனுஷன், தன் நெஞ்சுக்குள் இருந்த ஏதோ ஒன்று பேரனைப் பிடித்துவிட்டது என்று நம்பி, கட்டிலைப் பார்க்கக்கூடத் துணிவில்லாமல் சுவரோரமாக நகர்ந்தார். முனீஸ்வரிக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை உயிருக்கு மன்றாடுகிற நேரத்திலும் இருந்தது, அதை மறைப்பானேன்.

"இனி எங்க வாசப்படிய மிதிக்காதீங்க" என்றாள்.

"ஏய், சும்மா இருடி" என்றான் முத்துப்பாண்டி, தரையைப் பார்த்துக்கொண்டு.

கருத்தப்பாண்டி அன்றைக்கே செண்பகத்தோப்புப் பக்கம் போய்விட்டார். அங்கே ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருந்த பழைய மில் சிநேகிதன் தன் கொட்டகையில் இடம் கொடுத்தான். முனீஸ்வரி பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டே தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் போன் போட்டாள். கிழவருக்கு டிபி என்றும், பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார் என்றும், அவர் உட்கார்ந்த கட்டிலைக்கூட யாரும் தொட வேண்டாம் என்றும் சொன்னாள். தெரு நன்றாகக் கேட்டுக்கொண்டது.

காசநோய்ப் பிரிவிலிருந்து ஜெனிலா என்ற பெண் ஸ்கூட்டியில் வந்தாள். பிள்ளையோடு புழங்கிய எல்லோரும் சளி கொடுக்க வேண்டும், நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும் என்றாள். முத்துப்பாண்டி கொடுத்தான். மாந்தோப்புக்கே போய்க் கிழவரிடமும் வாங்கிக்கொண்டு, முனீஸ்வரியிடம் வந்து சின்ன டப்பாவை நீட்டினாள்.

"எனக்கெதுக்கு? ஆளத்தான் காட்டிட்டேன்ல."

"நீங்களும்தான் இருமுறீங்கக்கா. நான் வந்ததுல இருந்து பாக்கேன்."

"நான் பேண்டேஜ் யூனிட்ல வேல பாக்கேன். இது பஞ்சு."

சொன்ன பிறகு ஒரு கணம் அவளுக்கே எங்கோ குத்தியது. ஜெனிலா டப்பாவைக் கையில் திணித்தாள். முனீஸ்வரி அடித் தொண்டையிலிருந்து காறி, யார் மூஞ்சியிலோ துப்புவது மாதிரி அதில் துப்பிக் கொடுத்தாள். அன்றைக்கே அவள் நெஞ்சையும் படம் எடுத்தார்கள்.

மறுநாள் ஜெனிலா வந்து அவளை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு மாஸ்க் வைத்திருந்தாள். ஒன்றைத் தான் போட்டுக்கொண்டு, இன்னொன்றை முனீஸ்வரியிடம் கொடுத்தாள்.

"அக்கா, உங்க மாமாவுக்கு டிபி இல்ல. சளியிலயும் இல்ல, படத்துலயும் இல்ல. அவருக்கு மில்லுத் தூசியால வந்த நெஞ்சடைப்புதான், அது யாருக்கும் ஒட்டாது. உங்க வீட்டுக்காரருக்கும் இல்ல. உங்களுக்குத்தான் இருக்கு. நெறையவே இருக்கு."

"டப்பா மாறிப்போச்சு" என்றாள் முனீஸ்வரி.

"மாறலக்கா."

"அந்தாளு டப்பாவ எம்பேர்ல மாத்திட்டீங்க. எம்புட்டுக் குடுத்தாரு ஒனக்கு? நாசமாப் போவீங்கடி, நல்லாவே இருக்க மாட்டீங்க!"

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். இதற்கெல்லாம் பழகியவள் ஜெனிலா. திட்டி ஓயும் வரை ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றாள். பிறகு கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வலது நெஞ்சின் மேல்பக்கத்தில் ஒரு ஓட்டை இருந்தது. படம் எடுக்கத் தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னபோது அவள் கழற்ற மறந்த ஊக்கு ஒன்று ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த ஊக்கு அவளுடையதுதான். அதற்கு மேல் டப்பா மாறியது என்று சொல்ல அவளால் முடியவில்லை.

"நான் அவனுக்கு ஒருநாளும் எச்சி ஊட்டல டாக்டர்" என்றாள். "தனித்தட்டு, தனி டம்ளர். அம்புட்டுச் சுத்தமா வச்சிருந்தேன்."

"இது தட்டுல ஒட்டுற நோய் இல்லைம்மா. இருமும்போது, பேசும்போது காத்துல வருது. காத்தோட்டம் இருந்தா கலைஞ்சு போயிரும். அடைச்ச ரூம்ல அப்படியே மிதக்கும். பக்கத்துல படுத்திருக்கிறவங்க மூச்சுல உள்ள போயிரும். பிள்ளை யார் கூடப் படுப்பான்?"

சன்னலை இழுத்து அடைத்ததும், கதவுக்கு அடியில் சேலையைத் திணித்ததும் முனீஸ்வரிக்குத்தான் தெரியும். கிருமி வெளியே போய்விடாமல் காவல் இருந்து, பிள்ளையை அணைத்து அணைத்து அவன் மூக்குக்கு நேராக அவளே இருமியிருக்கிறாள். தன் வாயைத் தானே பிய்த்து எறிய வேண்டும் போலிருந்தது.

ஆத்திரம் அத்தோடு அடங்கிவிடவில்லை, அது அடுத்த ஆளைத் தேடியது. அமிர்தவல்லி நினைவுக்கு வந்தாள்.

"அந்தச் சிறுக்கிதான் எனக்குத் தந்தது" என்று ஜெனிலாவிடம் பாய்ந்தாள். "வருசம் பூரா பக்கத்துல ஒக்காந்து இருமுனா. வெல்லத்தக் கிள்ளிக் கிள்ளிக் குடுத்தேன் பாவி. இந்தா, இதே ஊர்லதான் இருக்கா. போயி அவ கொண்டையப் பிடிச்சு ஆஞ்சுட்டு வாரேன்."

"அவங்க அட்ரஸக் குடுங்க. நான் போயி மருந்து குடுக்கேன்" என்றாள் ஜெனிலா. "அவளுக்கு எவ தந்தான்னு அவளும் தேடுவா. அவளுக்கு முன்னால ஒருத்தி இருந்திருப்பா. உங்களுக்கு அடுத்த மேசையில இப்ப யாருக்கா இருக்கா? அவ வீட்ல பச்சப்புள்ள இருக்கா? அதச் சொல்லுங்க மொதல்ல."

முனீஸ்வரி யோசித்தாள். அடுத்த மேசையில் நாகஜோதி இருந்தாள். அவள் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. பெயரைச் சொன்னாள்.

அன்றிலிருந்து வெறும் வயிற்றில் மாத்திரை. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்துப் பயந்து, அது மாத்திரையின் சாயம்தான் என்று ஜெனிலா சொன்னதும், பயந்ததற்காகவே இன்னொரு முறை அவளைத் திட்டினாள். மாஸ்க் போட்டுக்கொண்டு, சன்னலோரக் கட்டிலில் பிள்ளையோடு இருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பிள்ளைதான் கண்ணே திறக்கவில்லை. மூக்கில் குழாய் வழியாகப் பாலும் மருந்தும் போயின. முத்துப்பாண்டி மாந்தோப்புக்கு இரண்டு தடவை போய், சோதனையில் வந்ததைச் சொல்லி அப்பனைக் கூப்பிட்டுப் பார்த்தான். கிழவர் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வழியாக மிதுன் கண் திறந்தான். குழாயை எடுத்தார்கள். தலையணையை அண்டக்கொடுத்து உட்கார வைத்தால் உட்கார்ந்தான். பிழைத்துவிட்டான் என்று வார்டில் எல்லோரும் சொன்னார்கள். செய்தி கேட்டு அன்றைக்குத்தான் கருத்தப்பாண்டி பேரனுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். மிதுன் சன்னலைப் பார்த்து உட்கார்ந்து போர்வையின் பிரிந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தான். ஜெனிலாவும் மாத்திரை கொடுக்க வந்து நின்றிருந்தாள்.

முனீஸ்வரி எழுந்தாள். எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த ஒரு சொல்லை மாஸ்க்குக்குள்ளேயே சொன்னாள்.

"மாமா, தப்புதான். மன்னிச்சிருங்க."

"கேக்கல" என்றார் கருத்தப்பாண்டி. "அன்னைக்குக் கைய நீட்டிச் சொன்னேல்ல, வார்டே கேக்க? அதே தொண்டையில சொல்லு."

"புள்ள இப்பத்தான் முழிச்சிருக்கான். இங்க வச்சு எதுக்கு?"

"இங்க வச்சுத்தான எம்மானத்த வாங்குன? தெருவுல கிளாஸ்ல டீ தர மாட்டேங்கான் கடைக்காரன். பேப்பர் கப்புல ஊத்தித் தூர வைக்கான். எல்லாரும் கேட்டுக்கிடுங்க! எனக்குச் சீக்கு இல்ல. இந்தா நிக்காளே, பெத்தவ, இவகிட்டருந்துதான் புள்ளைக்குப் போச்சு!"

மன்னிப்பெல்லாம் எங்கே போனதோ. அவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஆமாய்யா, எங்கிட்டருந்துதான்! வேணும்னா குடுத்தேன்? பஞ்சு பஞ்சுன்னு இந்த வீட்ல சொல்லிக் குடுத்தது யாரு? நான் மொதல்ல இருமுன அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறேன்னேன். வெல்லத்தத் தின்னுட்டு வேலயப் பாருட்டின்னது யாரு? ஒங்க பெரும பீத்தல்ல எங்க ரெண்டு பேரு நெஞ்சும் ஓட்டையாப் போச்சு!"

"ஏட்டி, நாக்க அறுத்துப்போடுவேன்!"

கையில் இருந்த பாட்டிலைக் கருத்தப்பாண்டி இரும்புக் கட்டிலின் காலில் ஓங்கிப் போட்டார். அது வெடித்துச் சிதறியது. வார்டில் எல்லோரும் திரும்பினார்கள். எதிர்க்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை அலறி எழுந்தது. வராந்தாவில் நர்சு ஓடி வருகிற சத்தம் கேட்டது.

மிதுன் மட்டும் திரும்பவில்லை. சன்னலைப் பார்த்து உட்கார்ந்து நூலை இழுத்துக்கொண்டிருந்தான்.

முதலில் அதைக் கவனித்தவள் முனீஸ்வரிதான். கத்திக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். அவள் பார்வை போன திசையில் கிழவரும் பார்த்தார்.

"மிதுனு" என்று கூப்பிட்டாள். இன்னும் பக்கத்தில் போய், "மிதுனு, ஏ சாமி" என்றாள்.

பிள்ளையின் முதுகு அசையவில்லை. கருத்தப்பாண்டி கண்ணாடிச் சில்லை மிதித்துக்கொண்டு அவளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "ஏலே, தாத்தா வந்துருக்கேன்லே" என்று குனிந்து அவன் காதோரம் சொன்னார்.

ஜெனிலா டாக்டரைக் கூட்டிவர ஓடினாள். அவர் வந்து சேரும் வரை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மாறி மாறி அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.